செப்டம்பர் 11-ஐ எழுதுவது எப்படி: ஒரு போர்டு டீச்சரின் குறிப்புகள்

எங்கள் பள்ளிக்கூட வாசலில், மணி கட்டிய வேப்பமரத்துக்கு எதிரே, ஆறடிக்கு நாலடியில் ஒரு கரும்பலகை உண்டு. பத்தொன்பது வருடம், காலை எட்டரை மணிக்கு, அதில் ‘வரலாற்றில் இன்று’ எழுதியவள் நான். மானாமதுரைப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. என் பாடம் வரலாறு. பிள்ளைகள் என் பெயரை மறந்தே போய் ‘போர்டு டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் புதிதாக வேலைக்கு வந்த டீச்சர்கள் போன் செய்கிறார்கள். “எங்கேக்கா எடுத்தீங்க? தினமும் எப்படி எழுதுனீங்க?” என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். பொதுவாகச் சொன்னால் மண்டையில் ஏறாது என்பதால் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன்: செப்டம்பர் 11. வருடத்திலேயே சிக்கலான நாள்களில் அது ஒன்று. அதை உருப்படியாக எழுதத் தெரிந்துவிட்டால் மற்ற 365-ம் தானாக வரும்.

முதலில் நோட்டு வாங்குங்கள். 192 பக்க நீள நோட்டு இரண்டு. ஒன்றில் ஜனவரி முதல் ஜூன் வரை, பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 182 பக்கம். இன்னொன்றில் ஜூலை முதல் டிசம்பர் வரை 184 பக்கம். நாளுக்கு ஒரு பக்கம் போக மிச்சம் இருப்பதில் உங்கள் கணக்கு வழக்கை எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம்: நிகழ்வு, பிறப்பு, மறைவு, நான்காவதாக ‘எப்படித் தெரியும்’. இந்த நான்காவது கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எங்கே படித்தோம் என்று எழுதாமல் விட்டால் அடுத்த வருடம் ஒரு பையன் எழுந்து “டீச்சர், எங்க புக்குல வேற தேதி போட்டிருக்கு” என்பான். நீங்கள் முழிப்பீர்கள். நான் முழித்திருக்கிறேன்.

எதையும் முதலில் பென்சிலில் எழுதுங்கள். சரிபார்த்த பிறகு பேனா. பென்சிலில் இருப்பது போர்டுக்குப் போகக் கூடாது. இந்த ஒரு சட்டத்தை மட்டும் நான் தளர்த்தியதே இல்லை.

சரி, பக்கத்தை நிரப்புவோம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. செப்டம்பர் 11-க்கு என் நோட்டில் சேர்ந்திருப்பதைச் சொல்கிறேன். 1297-இல் ஸ்டெர்லிங் பாலத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் இங்கிலாந்துப் படையை முறியடித்தார்கள். 1714-இல் பார்சிலோனா வீழ்ந்தது. தோற்ற அந்த நாளைத்தான் கட்டலோனியர்கள் இன்றும் தங்கள் தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. 1893-இல் சிகாகோவில் விவேகானந்தர். 1906-இல் ஜோகன்னஸ்பர்க்கில் காந்தி. 1921-இல் பாரதி. 1948-இல் கராச்சியில் ஜின்னா மறைந்தார், பாகிஸ்தான் பிறந்து ஒரு வருடமும் ஒரு மாதமும்கூட ஆகவில்லை. 1957-இல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன். 1973-இல் சிலியில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது, அதிபர் அயெந்தே மாளிகைக்குள்ளேயே உயிரை விட்டார். 2001 எல்லோருக்கும் தெரியும். பிறந்தவர்களில் ஓ. ஹென்றி 1862, டி.எச். லாரன்ஸ் 1885, வினோபா பாவே 1895, இந்தியாவுக்காக டெஸ்டில் முதல் சதம் அடித்த லாலா அமர்நாத் 1911. மறைந்தவர்களில் குருஷேவ் 1971, இந்திக் கவிஞர் மகாதேவி வர்மா 1987. போதாததற்கு எத்தியோப்பியாவில் பெரும்பாலான வருடங்களில் அன்றைக்குத்தான் புத்தாண்டு.

ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. இதுவரை எவரும் செய்யலாம். வேலை இனிமேல்தான்.

பாரதியிலிருந்து தொடங்குகிறேன். செப்டம்பர் 11-ஆ, 12-ஆ? இந்தக் கேள்வியை ஒரு வருடம் ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள். அவள் கையில் இருந்த பொது அறிவுப் புத்தகத்தில் 12 என்று இருந்தது. பாடப்புத்தகத்தில் 11. நான் ‘அச்சுப் பிழை’ என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்புறம் தேடிப் பார்த்ததில் தெரிந்தது, பிழை என்னுடையது.

நடந்தது இதுதான். திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில் பாரதி உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். கடிகாரத்தின்படி அது 1921 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. மாநகராட்சிப் பதிவிலும் 12 என்றே இருக்கிறது. ஆனால் நம் வழக்கத்தில் ஒரு நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. விடியாத வரைக்கும் அது முந்தைய நாளின் இரவுதான். “ஞாயித்துக்கிழமை ராத்திரி தவறிட்டார்” என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அந்த ஞாயிறு செப்டம்பர் 11. அப்படியே நினைவு நாளாக நிலைத்துவிட்டது. 2021-இல், நூறு வருடம் நிறைந்தபோது, தமிழ்நாடு அரசும் செப்டம்பர் 11-ஐத்தான் மகாகவி நாள் என்று அறிவித்தது.

ஆக, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் நடந்த எதையும் சந்தேகப்படுங்கள். பிறப்பிலும் இதே கூத்துதான். பழைய ஜாதக நோட்டுகளில் வெள்ளிக்கிழமை பின்னிரவு என்று எழுதியிருந்தால் ஆங்கிலத் தேதிக்கு அது சனிக்கிழமை. நான் பாரதிக்கு எழுதும் வரி இப்படி முடிந்தது: ‘1921 – செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின் மகாகவி பாரதியார் மறைந்தார்.’ இரண்டு தேதிக்காரர்களும் சண்டைக்கு வர முடியாது.

பாரதி வரியில் இன்னொரு பொறி உண்டு. ‘யானை மிதித்து இறந்தார்’ என்று எழுதிவிடாதீர்கள். பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை, குவளைக்கண்ணன் உள்ளே புகுந்து தூக்கியது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அவர் தேறி, சுதேசமித்திரன் வேலைக்குப் போய், ஜூலைக் கடைசியில் ஈரோட்டுக்குப் பக்கத்தில் கருங்கல்பாளையத்தில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்று சொற்பொழிவும் ஆற்றியிருக்கிறார். உயிரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. தேதியைச் சரிபார்த்த கையோடு காரணத்தையும் சரிபார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். போர்டில் காரணம் எழுத இடமில்லை என்றால் எழுதாதீர்கள். தப்பான காரணத்தை விட வெறும் ‘மறைந்தார்’ மேல்.

அடுத்தது விவேகானந்தர். 1893 செப்டம்பர் 11, திங்கட்கிழமை, சர்வ சமயப் பேரவையின் முதல் நாள். தன் முறையைத் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டுப் பிற்பகலில்தான் பேச எழுந்தார். சிகாகோவில் பிற்பகல் என்றால் சென்னையில் நள்ளிரவு தாண்டி 12-ஆம் தேதி ஆகியிருக்கும். அப்படியானால் எந்தத் தேதி போடுவது? நடந்த ஊரின் தேதி. எப்போதும் நடந்த ஊரின் தேதிதான். அங்கே என்ன கிழமை, என்ன தேதி என்று காலண்டர் தொங்கியதோ அதுவே. நாம் எப்போது கேள்விப்பட்டோம் என்பது வேறு கணக்கு.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வரியை நான் வெறுமனே விட்டதில்லை. அவரை அமெரிக்காவுக்கு அனுப்ப சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள். ஊக்கம் கொடுத்தவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. திரும்பி வந்து 1897 ஜனவரி 26-இல் கால் வைத்த இடம் பாம்பன். அதாவது எங்கள் ஊரிலிருந்து ராமேஸ்வரம் ரயிலில் ஏறினால் போய்விடலாம். சிகாகோ என்றதும் கொட்டாவி விட்டவன் பாம்பன் என்றதும் நிமிர்ந்து உட்காருவான். உலகச் செய்தியில் உள்ளூர் இழை உண்மையாகவே இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். இல்லையென்றால் இழுத்துக் கட்டாதீர்கள்.

காந்தி வரியில் கவனிக்க வேண்டியது சொல். பல பட்டியல்களில் ‘1906 – சத்தியாகிரகம் தொடங்கிய நாள்’ என்று இருக்கும். ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் சுமார் 3,000 பேர் கூடினார்கள். டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்துக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். அந்த நாள் அதுதான், சரி. ஆனால் ‘சத்தியாகிரகம்’ என்ற சொல் அன்றைக்குப் பிறக்கவில்லை. பிறகு காந்தி தன் பத்திரிகையில் நல்ல பெயர் சொல்லுங்கள் என்று போட்டி வைத்து, வந்த பெயரைத் திருத்தி உண்டாக்கியது அது. ஆகவே என் வரி: ‘1906 – தென்னாப்பிரிக்காவில் அநீதிச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று காந்தி தலைமையில் இந்தியர்கள் உறுதி எடுத்தனர்.’ கொஞ்சம் நீளம்தான். பொய் இல்லை.

இந்த ‘முதல்’, ‘தொடங்கிய’, ‘உருவான’ என்ற மூன்று சொற்களைக் கண்டாலே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிழை இருக்கும்.

இப்போது ஒரு வேடிக்கை. 1752 செப்டம்பர் 11 அன்று லண்டனில் என்ன நடந்தது? எட்டாம் வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் அவகாசம் கொடுப்பேன். நூலகத்தில் இருக்கும் தடித் தடிப் புத்தகங்களை எல்லாம் புரட்டுவார்கள். பதில்: ஒன்றும் நடக்கவில்லை, அப்படி ஒரு நாளே அங்கு இல்லை. பிரிட்டன் பழைய ஜூலியன் காலண்டரை விட்டு கிரிகோரியன் காலண்டருக்கு மாறிய வருடம் அது. செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை. நடுவில் பதினோரு தேதி காணாமல் போனது. சட்டம் ஆசியாவில் இருந்த பிரிட்டிஷ் பகுதிகளுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. பிரெஞ்சுக்காரர்களோ 1582-லேயே மாறிவிட்டார்கள். ஆக அதற்கு முன்பெல்லாம் சென்னைக் கோட்டை வெள்ளைக்காரர் ஒரு தேதியும் புதுச்சேரி வெள்ளைக்காரர் பத்துப் பதினோரு நாள் தள்ளி இன்னொரு தேதியும் எழுதினார்கள். நம் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் தமிழ் வருடம், மாதம், தேதியும் சேர்த்துப் போட்டுவிட்டார். புத்திசாலி மனுஷர்.

இது வெறும் புதிர் அல்ல, தினசரி வேலைக்கு வேண்டியது. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25 என்று போடுவார்கள். அது இங்கிலாந்தின் பழைய காலண்டர். இன்றைய கணக்கில் 1643 ஜனவரி 4. ‘கலிலியோ இறந்த வருடத்தில் நியூட்டன் பிறந்தார்’ என்ற அழகான வாக்கியம், இரண்டு காலண்டரைக் கலந்தால்தான் நிற்கும். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சிக்கு நவம்பர் 7-இல் விழா எடுத்ததும் இதே கதை. நான் மாட்டிக்கொண்டது ஏப்ரல் 23-இல். உலகப் புத்தக நாள். ‘1616-இல் ஒரே நாளில் ஷேக்ஸ்பியரும் செர்வான்டெசும் மறைந்தனர்’ என்று வண்ணச் சாக்பீஸில் எழுதி, சுற்றிலும் பூ வேறு வரைந்து வைத்தேன். உண்மையில் செர்வான்டெஸ் இறந்தது 22-இல், 23 அடக்கம் நடந்த நாள். ஷேக்ஸ்பியருடைய 23, பழைய காலண்டரின் 23. ஸ்பெயினில் அப்போது மே 3 ஆகிவிட்டது. நாலு வருடம் தொடர்ந்து அதே வரியை எழுதியிருக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு இன்னும் உறுத்தல்.

நம் ஊர் ஆட்களுக்கு வேறு விதமான சிக்கல். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை திதிப்படி நடக்கும், புஷ்ய பகுள பஞ்சமி. ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். அவர் மறைந்தது 1847 ஜனவரி 6. போர்டில் எழுதுவதானால் ஜனவரி 6-இல் எழுதுங்கள், ஆராதனை அன்றைக்குத் தனியாக ஒரு குறிப்பு போடுங்கள். குருபூஜை, ஜயந்தி, சந்தனக்கூடு எல்லாவற்றுக்கும் இதே முறை.

பிறந்த தேதியில் பெரிய வில்லன் பள்ளிக்கூடமேதான். என் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் 1. எங்கள் வகுப்பில் பதினோரு பேருக்கு ஜூன் 1. அம்மாவைக் கேட்டால், “ஆவணி மாசம், மழை பெஞ்சு ஓடை தண்ணி வந்த அன்னைக்கு” என்பார். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது வேண்டும் என்பதற்காக வாத்தியார் எழுதியது ஜூன். ஆக, பழைய தலைமுறை ஆட்களின் பிறந்த நாள் மே, ஜூனில் வந்தால் ஒரு கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். குடும்பத்தார் எழுதியது, அவரே எழுதியது என்று இன்னொரு சாட்சி கிடைக்கிறதா என்று தேடுங்கள். பத்து இணையப் பக்கங்கள் ஒரே தேதியைச் சொல்கின்றன என்று மயங்க வேண்டாம். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால் பத்தும் சேர்ந்து ஒரே சாட்சி.

கிழமையைச் சரிபார்ப்பது நல்ல தந்திரம். ஒரு கட்டுரையில் ‘செவ்வாய்க்கிழமை காலை’ என்று வந்தால், போனில் அந்த வருடத்துக் காலண்டரைத் திறந்து பாருங்கள். போன் இல்லாத காலத்தில் எனக்கு இருந்த வழி, 28 வருடத்துக்கு ஒருமுறை அதே காலண்டர் திரும்பும் என்பது. 2001-இல் செப்டம்பர் 11 செவ்வாய். அதிலிருந்து 28 கழித்தால் 1973, சிலி கவிழ்ப்பு, அதுவும் செவ்வாய். 1900-க்கு அந்தப் பக்கம் போனால் இந்தக் கணக்கு உதைக்கும், ஏனென்றால் 1900 லீப் வருடம் இல்லை.

1906-ம் செவ்வாய்தான். இதைச் சொன்னதும் பத்தாம் வகுப்பில் ஒருவன், “டீச்சர், செப்டம்பர் 11 செவ்வாய்னாலே ஆபத்து” என்று ஆரம்பித்தான். பென்டகன் கட்டடத்துக்கு முதல் மண்வெட்டு விழுந்தது 1941 செப்டம்பர் 11, சரியாக அறுபது வருடம் கழித்து அதே நாளில் விமானம் மோதியது என்று நான் வேறு சொல்லித் தொலைத்திருந்தேன். பையனுக்கு மாயமந்திரம் கிடைத்துவிட்டது. அவனைப் பலகைக்குக் கூப்பிட்டு, வகுப்பில் இருந்த நாற்பது பேரின் பிறந்த நாளையும் எழுதச் சொன்னேன். 23 பேர் இருந்தாலே இரண்டு பேருக்குப் பிறந்த நாள் ஒன்றாக இருக்கப் பாதிக்குமேல் வாய்ப்பு. நாற்பது பேர் என்றால் 89 சதவீதம். இரண்டு ஜோடி வந்தது (ஜூன் 1 கோஷ்டியைச் சேர்க்காமல்). ஆயிரம் வருடச் செய்திகளை 366 கட்டத்தில் போட்டால் பக்கத்துக்குப் பக்கம் இப்படித்தான் மோதும். ஒற்றுமையைக் காட்டுங்கள், ரசிக்கச் சொல்லுங்கள். ‘இதனால்தான் அது’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

சரி, பதினேழு பதினெட்டுச் செய்தி பேனாவுக்கு வந்துவிட்டது. போர்டில் ஐந்துதான் போட முடியும். வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பிள்ளை படிக்க ஒரு நிமிடம் தருவார்கள், அதில் ஐந்து வரிக்கு மேல் ஏறாது. எதை வைப்பது, எதை விடுவது?

என் கணக்கு இது. ஒரு வரி நம் மொழிக்கு, ஒரு வரி நம் வட்டாரத்துக்கு, ஒரு வரி நாட்டுக்கு, ஒரு வரி உலகத்துக்கு, கடைசி வரி பிள்ளைகளுக்குப் பிடித்த மாதிரி. விளையாட்டோ, விஞ்ஞானமோ, ஏதாவது. மூன்றுக்குமேல் சாவு கூடாது. காலையில் ஐந்து சாவைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளை கணக்குப் பாடத்துக்குப் போகும்?

அந்த வட்டார வரியில்தான் நான் பல வருடம் தப்பு செய்தேன். செப்டம்பர் 11 என்றால் எங்கள் பக்கத்தில் பஸ் சரியாக ஓடாது. சாலை நெடுகப் போலீஸ் நிற்கும், வேனை நிறுத்திச் சோதிப்பார்கள், பரமக்குடிக்குப் போகிறவர்கள் முந்தைய நாளே கிளம்பிவிடுவார்கள். இம்மானுவேல் சேகரனார் நினைவு நாள். 1924-இல் பிறந்தவர், ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக நின்றவர். 1957 செப்டம்பர் 10-இல் முதுகுளத்தூரில் நடந்த சமாதானக் கூட்டத்தில் கலந்துகொண்டார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து முதுகுளத்தூர்க் கலவரம். 2011-இல் அதே நினைவு நாளில் பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

இவ்வளவும் என் நோட்டில் பேனாவில் இருந்தது. போர்டில் வந்ததில்லை. “எதுக்கு டீச்சர் வம்பு, விவேகானந்தர் இருக்காரு, பாரதி இருக்காரு, போதும்” என்று அன்றைய பெரியவர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், போர்டு துடைக்கத் தண்ணீர் கொண்டு வந்தவன், மெதுவாகக் கேட்டான்: “டீச்சர், சிலி எங்க இருக்கு?” சொன்னேன். “அவ்வளவு தூரத்துல நடந்தது இருக்கு. எங்க ஊர்ல பஸ் ஓடாத நாள், அது ஏன்னு மட்டும் இதுல இல்ல.” கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வருடம் எழுதினேன். எப்படி எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன். அடைமொழி எதுவும் வேண்டாம், யாரையும் சாதிப் பெயரால் சுட்ட வேண்டாம், ஆனால் நடந்ததை மழுப்பவும் வேண்டாம். ‘1957 – ஒடுக்கப்பட்டோர் உரிமைக்குப் போராடிய இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார்.’ அவ்வளவுதான். வம்பு ஒன்றும் வரவில்லை. இரண்டு பேர் நின்று படித்தார்கள், ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

இங்கே வினைச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மறைந்தார்’, ‘காலமானார்’ என்பது நோயிலோ முதுமையிலோ போனவருக்கு. கொல்லப்பட்டவரை ‘மறைந்தார்’ என்று எழுதினால் கொன்றவன் காணாமல் போய்விடுகிறான். தன்னுயிரைத் தானே விட்டவருக்குப் பிள்ளைகள் படிக்கும் போர்டில் ‘உயிர்நீத்தார்’ போதும், அயெந்தேவுக்கு நான் அதைத்தான் எழுதினேன். எல்லோருக்கும் ‘ஆர்’ விகுதி. ஜின்னா ஆனாலும், குருஷேவ் ஆனாலும் ‘மறைந்தார்’தான். நமக்குப் பிடித்தவர் ‘மறைந்தார்’, பிடிக்காதவர் ‘இறந்தான்’ என்றால் அது வரலாறு இல்லை, வாய்க்கால் தகராறு.

வருடக் கணக்கிலும் கவனம் வேண்டும். நூறாவது பிறந்த நாளும் நூற்றாண்டு விழாத் தொடக்கமும் ஒன்றல்ல. 99 வயது நிறைந்ததும் நூறாவது வருடம் தொடங்கிவிடும், விழாவும் அன்றைக்கே தொடங்கிவிடும். ஆகவே ‘நூற்றாண்டு’ என்று எழுதும் முன் விரல் விட்டு எண்ணுங்கள். நான் போர்டில் வருடத்தை மட்டும் எழுதி, “இன்னைக்கு எத்தனை வருஷம் ஆச்சு?” என்று கீழே கேட்டுவிடுவேன். ஆறாம் வகுப்புக்குக் கழித்தல் பயிற்சி ஆச்சு, எனக்கும் பழி இல்லை.

கடைசியாகப் பலகை. கோடை விடுமுறையில் கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துத் தேய்த்துவிட்டால் பலகை வருடம் முழுக்கக் கறுப்பாக நிற்கும். சாக்பீஸை முந்தைய இரவு சர்க்கரைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து எடுத்தால் எழுத்து பளிச்சென்று இருக்கும், கை பட்டாலும் கலையாது. என்ன, துடைக்கும்போது ஈரத்துணி வேண்டும். எறும்பு வரும் என்று சொல்வார்கள், வந்ததில்லை. வருடத்தை ஒரு நிறம், செய்தியை வெள்ளை. வரிசை பழசிலிருந்து புதுசுக்கு. முக்கியமானவர் முதலில் என்று வைக்க ஆரம்பித்தால் தினமும் பஞ்சாயத்துதான். செப்டம்பர் 5 வந்தால் வ.உ.சி. மேலேயா ராதாகிருஷ்ணன் மேலேயா என்று ஆசிரியர் அறையிலேயே இரண்டு கட்சி. 1872-க்குப் பிறகுதானே 1888 வருகிறது, வருட வரிசை என்றால் வாயைத் திறக்க முடியாது.

என் கடைசி வருடத்து செப்டம்பர் 11 போர்டு இப்படி இருந்தது:

1893 – சிகாகோ சர்வ சமயப் பேரவையில் விவேகானந்தர் உரையாற்றினார்.
1906 – தென்னாப்பிரிக்காவில் அநீதிச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று காந்தி தலைமையில் இந்தியர்கள் உறுதி எடுத்தனர்.
1911 – டெஸ்டில் இந்தியாவின் முதல் சதத்தை அடித்த லாலா அமர்நாத் பிறந்தார்.
1921 – செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின் மகாகவி பாரதியார் மறைந்தார்.
1957 – ஒடுக்கப்பட்டோர் உரிமைக்குப் போராடிய இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார்.

உலகத்துக்கு என்று தனியாக ஒரு வரி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சிகாகோவும் ஜோகன்னஸ்பர்க்கும் அந்த வேலையைச் செய்துவிட்டன என்று 2001-ஐ விட்டேன். அதைப் பிள்ளைகள் டிவியில் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் வைப்பதானால் லாலா அமர்நாத்தை எடுத்துவிடாதீர்கள், கடைசி பெஞ்ச் உங்களை மன்னிக்காது.

எழுதி முடித்ததும் நோட்டை மூடாமல் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். ஒரு நாளில் தோண்டும்போது பக்கத்து நாளுக்கும் ஏதாவது அகப்பட்டிருக்கும். செப்டம்பர் 12 பக்கத்தில் எனக்கு இரண்டு அகப்பட்டன. ஒன்று, ‘பாரதி, மாநகராட்சிப் பதிவுப்படி இன்று, பார்க்க: முந்தைய பக்கம்.’ இன்னொன்று காந்தியே பின்னால் எழுதிவைத்தது. ஜோகன்னஸ்பர்க்கில் அவ்வளவு பேர் கூடி உறுதி எடுத்த அந்த எம்பயர் தியேட்டர், மறுநாளே தீப்பிடித்து எரிந்துபோனது.